காயாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? சோழமண்டலக் கரையின் நாட்டுமர நாற்றங்கால்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் எந்த ஊர் நர்சரிக்குப் போய் நாட்டு மரக்கன்று கேட்டாலும் வேம்பு, புங்கன், நாவல், நீர்மருது கிடைக்கும். கொஞ்சம் பெரிய நர்சரியாக இருந்தால் மகிழம், கொன்றை, இலுப்பை, பூவரசு வரை இருக்கும். காயா, அதாவது காயாம்பூ மரம், கேட்டால் இல்லை என்பார்கள். வீரை, இரும்பிலி, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை என்று கேட்டால் பல இடங்களில் பெயரே தெரிந்திருக்காது. ஆனால் மரக்காணம் முதல் கடலூர் வரையிலான கடலோரத்தில் ஒரு காலத்தில் நின்ற காடு, பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலில் உள்ள மரங்களால் ஆனது.

மரம் நடுவதில் ஊருக்கு ஊர் ஆர்வம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் சேர்த்து 33 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. கல்லூரிகள், நிறுவனங்கள், ரசிகர் மன்றங்கள் எல்லாரும் நடுகிறார்கள். எதை நடுகிறார்கள் என்று பார்த்தால், நாற்றங்காலில் என்ன இருக்கிறதோ அதைத்தான். எந்தக் காடு வரப்போகிறது என்பது குழி வெட்டும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு ஒன்றரை, இரண்டு வருடங்களுக்கு முன்பே, யாரோ ஒருவர் ஒரு விதையைப் பொறுக்கினாரா இல்லையா என்பதில் முடிந்துவிடுகிறது.

ஆரோவில்லிலும் அதைச் சுற்றியும் கடந்த ஐம்பது வருடங்களாக நடந்துவருவதை இந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே பார்க்கப் போகிறேன். ஆரோவில் காடு பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் நாற்றங்கால் வேலையையும், அந்த வேலைக்குத் தன்னார்வலர்கள் எங்கே உதவுகிறார்கள், எங்கே உதவ முடியாது என்பதையும் பற்றி எழுதியது குறைவு. நாட்டுமரக் கன்று வளர்க்கும் ஒரு சமூக நாற்றங்காலில் நானும் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். அதனால் வேலை விவரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

என்ன காடு அது

ஹாரி சாம்பியனும் எஸ்.கே. சேத்தும் 1968-இல் வெளியிட்ட இந்திய வன வகைப்பாட்டில் ஏழாவது பிரிவு இந்தக் காட்டுக்கு உரியது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ராமநாதபுரம் வரை கடலை ஒட்டி ஒரு நீண்ட பட்டையாக இது இருந்தது என்கிறார்கள் தாவரவியலாளர்கள். இலங்கையின் வடக்கிலும் இதற்கு நெருங்கிய உறவான காடு உண்டு. வன்னிக் காட்டில் நிற்கும் பாலையும் வீரையும் இங்கே ஐயனார் கோயில் காடுகளில் நிற்கும் அதே இனங்கள்தான். வில்பத்துவிலும் யாலவிலும் கரடிகள் தேடித் தின்னும் பாலைப்பழம் இங்கேயும் அதே வைகாசி, ஆனி வெயிலில் பழுக்கிறது.

இந்தக் காட்டின் தன்மை கொஞ்சம் வியப்பானது. புதுச்சேரி பக்கம் வருடத்துக்கு 1200 முதல் 1300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தபின் ஆறேழு மாதம் மண் காய்ந்து கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இவை உதிர்ப்பதில்லை. இலை சிறியது, தடித்தது, தோல் போல விறைப்பானது. மரமும் ஓங்கி வளராது, பத்துப் பன்னிரண்டு மீட்டரில் நின்றுவிடும். அடியில் புதர்களும் கொடிகளும் நெருக்கமாகப் பின்னியிருக்கும். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் வெளியே இருக்கும் வெக்கை உடனே குறைவது தெரியும்.

1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தக் காடுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. பிளாஸ்கோ, லெக்ரி, மேஹர்-ஹோம்ஜி ஆகியோர் மரக்காணம், கோடியக்கரை காடுகள் பற்றி எழுதியவை இன்றும் அடிப்படை. பிறகு 1990-களில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் புத்துப்பட்டு, குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி போன்ற சின்னச் சின்ன எச்சங்களில் ஒவ்வொரு மரமாக அளந்து கணக்கெடுத்தார்கள். அவர்கள் போன இடங்களில் பல, கோயில் காடுகள். சாமிக்குப் பயந்து ஊர் விட்டுவைத்த துண்டுகள்தான் மிஞ்சியிருந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு இவற்றில் நன்றாகத் தெரிந்த ஒன்று. நாற்றங்கால்காரர்களுக்கு அதுதான் விதைக் கிடங்கு.

மேட்டில் நடந்தது

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் ஏறக்குறைய மொட்டையாக இருந்தது. செம்மண்ணில் ஆழமான ஓடைகள் அறுத்திருந்தன. மழை பெய்தால் சிவப்புத் தண்ணீர் நேராகக் கடலுக்கு ஓடும். முதலில் வந்தவர்கள் செய்த வேலை மரம் நடுவதல்ல, வரப்பு போடுவது. விழும் மழை விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று நிலத்தைச் சுற்றி வரப்பும், ஓடைகளில் தடுப்பணையும் கட்டினார்கள். அதற்கப்புறம் நட்டது உள்ளூர் மரங்களை மட்டுமல்ல. கையில் கிடைத்ததில் எது வெயிலையும் வறண்ட மண்ணையும் தாங்கியதோ அதையெல்லாம் நட்டார்கள். அவற்றில் முன்னே நின்றது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா வகை. நாலைந்து வருடத்தில் நிழல் தரும், இலை உதிர்ந்து மண்ணை மூடும், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். வேலைக்கார மரம் என்றே அங்குள்ளவர்கள் அதை அழைத்தார்கள்.

இதை இன்று குறை சொல்வது சுலபம். அயல் மரத்தை ஏன் நட்டார்கள் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் வீரைக் கன்றோ காயாக் கன்றோ எந்த நர்சரியில் கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். எங்கேயும் கிடைக்கவில்லை. அதை எப்படி முளைக்கவைப்பது என்று எழுதிவைத்தவர்களும் அரிது. முதலில் நிழல், பிறகு நாட்டு மரம் என்ற வரிசை ஒரு கொள்கையாக வந்ததைவிட, கன்று இல்லாத நிலைமையால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாற்றம் மெதுவாக வந்தது. 1973-இல் ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டில், சுற்று வட்டாரத்தில் மிஞ்சியிருந்த கோயில் காடுகளைத் தேடிப் போய்ப் பார்த்து, அங்கே நிற்கும் மரங்களை அடையாளம் கண்டு, விதை எடுத்து வளர்க்கும் வேலை வளர்ந்தது. அந்த மரங்களின் மருத்துவப் பயன் தெரிந்த ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2000-இல் ஆரோவில் தாவரவியல் பூங்கா 50 ஏக்கரில் தொடங்கியது, உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை இனவாரியாக வளர்த்துக் காப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2003 டிசம்பரில் அவிராம், யோரித் ரோசின் தம்பதி 70 ஏக்கர் அரிபட்ட நிலத்தில் சாதனா ஃபாரஸ்டைத் தொடங்கினார்கள். இந்த மூன்றாவது இடம் முழுக்கத் தன்னார்வலர்களை நம்பியே நடப்பது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கி, காலையில் காட்டு வேலை செய்துவிட்டுச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் கற்றது சென்னைக்கும் போனது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிக் குப்பையும் இடிபாடும் நிறைந்து கிடந்த 58 ஏக்கரை மீட்கும் திட்டத்தைப் பிச்சாண்டிக்குளம் குழுதான் வகுத்துக் கொடுத்தது. 2011 ஜனவரியில் அது தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு மேட்டில் விதை பொறுக்கக் கற்றிருக்காவிட்டால், பெருநகரத்தின் நடுவே அந்த இனங்களை நட வழியே இருந்திருக்காது.

அதே 2011-இன் கடைசியில், டிசம்பர் 30 அதிகாலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் அழிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆரோவில்லிலும் வேர் மேலோட்டமாக ஓடிய அகேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவற்றின் நிழலில் நட்டிருந்த நாட்டு மரங்கள், குட்டையாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தவை, பெரும்பாலும் நின்றன. அதுவரை அகேசியாவின் கீழே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தவற்றுக்கு வெளிச்சம் கிடைத்தது. அடுத்து எதை நடுவது என்ற கேள்விக்கு அங்கே அதற்குப் பிறகு பெரிய விவாதம் தேவைப்படவில்லை.

விதையிலிருந்து கன்று வரை

இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை பழ மரங்கள். மனிதர் விரும்பிச் சாப்பிடும் பழமாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் மரநாய்க்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் அதுதான் சாப்பாடு. சதைப் பழத்துக்குள் இருக்கும் விதை பொதுவாக ஈரத்தோடு விழுந்து உடனே முளைக்கக் காத்திருக்கும் ரகம். உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் செத்துவிடும். நாவல் விதையை எடுத்த சில நாட்களில் போட வேண்டும். வேப்பங்கொட்டை சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். இலுப்பையும் அப்படியே. கொன்றை, வாகை, உசில் வேறு ஜாதி. அவற்றின் விதை வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் மேல்தோல் கடினம், உரசியோ சுடுதண்ணீரில் ஊறவைத்தோ போட்டால்தான் சீராக முளைக்கும்.

வணிக நர்சரி ஏன் இரண்டாவது ரகத்தையும், முதல் ரகத்தில் எங்கும் கிடைக்கும் வேம்பு, நாவலையும் மட்டும் வைத்திருக்கிறது என்பது இதிலிருந்து புரியும். வீரைப் பழம் பழுக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் அந்த மரத்தடியில் ஆள் இருக்க வேண்டும். அந்த வருடம் காய்ப்பு மோசமாக இருந்தால் அடுத்த வருடம்தான். இதற்காகச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அனுப்ப எந்தக் கணக்கும் ஒத்துவராது. வழியில் போகும்போதெல்லாம் அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கும் ஒருவர் இருந்தால் ஒத்துவரும். அதாவது அந்த ஊர்க்காரர்.

கோயில் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது பொதுவான ஊர் வழக்கம். நாற்றங்கால்காரர்கள் அதை அப்படியே மதிக்க வேண்டும். கிளையை வளைத்துப் பறிப்பதில்லை, உதிர்ந்ததை மட்டும் எடுப்பது, அதிலும் பெரும்பகுதியை விட்டுவிட்டு வருவது, பூசாரியிடம் முன்பே சொல்லிவிட்டுப் போவது. மதிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊரார் சந்தேகப்பட்டால் அடுத்த வருடம் உள்ளே போக முடியாது. பறவைகளும் மரநாய்களும் நமக்காகப் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கும். மரநாய் எச்சத்திலும், பறவைகள் அடையும் மரத்தின் அடியிலும் சதை நீங்கிய சுத்தமான விதைகள் கிடக்கும்.

ஒரே மரத்தின் அடியில் கூடை நிரப்பிக்கொண்டு வருவது எல்லாருக்கும் வரும் ஆசை. அந்தக் கூடையிலிருந்து வரும் கன்றுகள் எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். அவற்றை ஒரே இடத்தில் நட்டால் அடுத்த தலைமுறை உறவுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டு நலிந்துவிடும். எத்தனை தாய்மரம் முடியுமோ அத்தனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கோயில் காடுகள் இன்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தீவுகளாகிவிட்டதால், ஒரே ஒரு காட்டை நம்பினால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

கொண்டுவந்த பழத்தை ஓரிரு நாள் ஊறவைத்து, சதையைக் கசக்கிக் கழுவி, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதைத் தாய்ப்பாத்தியில் போடுகிறோம். மணல் பாத்தி, மேலே நிழல்வலை, பூவாளித் தண்ணீர். இங்கே முதல் ஆபத்து நாற்றழுகல். தண்ணீர் அதிகமாகி, காற்றோட்டம் குறைந்தால் நேற்று நிமிர்ந்து நின்ற நாற்றுகள் இன்று தண்டு கருத்துச் சாய்ந்திருக்கும். ஆர்வமுள்ள புதியவர் செய்யும் கெடுதல் எது என்று கேட்டால், பாசத்தில் அதிகமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இரண்டு நான்கு இலை வந்ததும் பாத்தியிலிருந்து பிடுங்கிப் பைக்கு மாற்ற வேண்டும். நாற்றங்கால் வேலையில் இதுதான் கைவேலை. எங்கள் நாற்றங்காலில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையே செய்துவரும் ஓர் அக்கா, புதிதாக வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, இலையப் புடிச்சித் தூக்கு. தண்டுல கை வெச்சி நசுக்கிட்டா அது பொழைக்காது. இலை போனா வேற இலை விட்டுக்கும்." குச்சியால் பையில் குழி போட்டு, ஆணிவேர் மடங்காமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்து, மண்ணை அணைக்க வேண்டும். வேர் அங்கே ஒரு முறை மடங்கிவிட்டால் மரம் பத்து வருடம் கழித்துக் காற்றில் சாயும்போதுதான் அது வெளியே தெரியும்.

சந்தனத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். அது தன் வேரால் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சத்து உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி. அதனால் அதே பையில் துவரையோ பொன்னாங்கண்ணியோ துணைக்கு வைக்க வேண்டும். துணைச்செடியைக் களை என்று நினைத்து யாராவது பிடுங்கிவிட்டால் சந்தனம் கொஞ்ச நாளில் வெளுத்து நிற்கும்.

அதன்பிறகு காத்திருப்பு. புங்கன் ஆறு மாதத்தில் நடும் உயரத்துக்கு வந்துவிடும். காயா அப்படி வராது. கண்ணனின் நிறத்துக்குப் புலவர்கள் உவமை சொன்ன அந்த நீலப் பூவின் செடி, முதல் வருட முடிவில் விரல் நீளத்தில் நிற்கும். கருங்காலி, வீரை, உலக்கைப்பாலை எல்லாம் இதே வேகம்தான். இரண்டு மழைக்காலம் பையில் இருக்க வேண்டியவை இவை. இடையில் வேர் பையின் அடியில் சுருண்டுகொள்ளும், அல்லது பையைத் துளைத்துத் தரையில் இறங்கும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நகர்த்தி, தரம் பிரித்து, பெரிய பைக்கு மாற்ற வேண்டும். தினமும் தண்ணீர். இரண்டு கோடையில்.

பிரச்சினையின் மையம் இங்கேதான் இருக்கிறது. வணிக நர்சரிக்கு ஒரு பை இரண்டு வருடம் இடத்தை அடைத்துக்கொண்டு, தண்ணீரும் கூலியும் வாங்கிக்கொண்டு, முடிவில் புங்கன் விலைக்கே போனால் நஷ்டம். அரசு நாற்றங்காலுக்கு அந்த நிதியாண்டுக்குள் இத்தனை கன்று என்று இலக்கு இருக்கும். இரண்டையும் குறையாகச் சொல்லவில்லை, அவற்றின் அமைப்பு அப்படி. லாபமும் ஆண்டு இலக்கும் இல்லாத ஓரிடத்தில்தான் காயாவுக்கு இரண்டு வருடம் தண்ணீர் ஊற்ற முடியும். சமூக நாற்றங்கால் என்ற ஒன்று தேவைப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் எண்ணிக்கை காட்டுவதற்காக வேம்பும் புங்கனும் மட்டும் வளர்த்தால், பக்கத்து நர்சரி ஏற்கெனவே செய்வதையே செய்கிறோம்.

தன்னார்வலர் எங்கே

ஐப்பசியில் நடவு என்று அறிவித்தால் கூட்டம் வரும். குடும்பத்தோடு வருவார்கள், படம் எடுப்பார்கள், குழந்தைகள் கன்றுக்குப் பெயர் வைப்பார்கள். அது நல்லதுதான், அந்தக் குழந்தைகளில் ஒன்று திரும்பி வரலாம். மண் சலித்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து பை நிரப்பும் வேலைக்கும் கூட்டம் உதவும். ஒரு கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழு ஒரு முற்பகலில் நிரப்பும் பைகளை இரண்டு பேர் நிரப்ப ஒரு மாதம் ஆகும்.

சிக்கல் மற்ற மாதங்களில்தான். மாசியிலிருந்து ஆடி வரை நாற்றங்காலுக்கு ஆள் தேவைப்படும் அளவுக்கு வேறு எப்போதும் தேவைப்படாது. விதை பழுக்கும் காலமும் அதுவே, தண்ணீர் தவறினால் கன்று சாகும் காலமும் அதுவே. அப்போதுதான் கல்லூரிக்குத் தேர்வு, பள்ளிக்கு விடுமுறை, வெளியூர் தன்னார்வலர்கள் வெயிலுக்குப் பயந்து கிளம்பிவிடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு நாள் தண்ணீர் விட்டுப்போனால் ஒன்றரை வருட வேலை கருகிவிடும்.

நான் பார்த்தவரை, இந்த மாதங்களைத் தாங்குகிறவர்கள் கூட்டமாக வருபவர்கள் அல்ல. பணி ஓய்வு பெற்றவர்கள், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வந்துபோகும் அம்மாக்கள், நாற்றங்காலுக்கு அடுத்த தெருவில் இருப்பவர்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, வர முடியாவிட்டால் மாற்று ஆளைச் சொல்லிவைக்கும் பத்துப் பேர் போதும். எப்போது வேண்டுமானாலும் வருகிறேன் என்று சொல்லும் நூறு பேரை வைத்து ஒரு கோடையைத் தாண்ட முடியாது.

களையெடுப்பது சுலபமான வேலை என்று புதியவர்களிடம் கொடுக்கும் வழக்கம் உண்டு. நாட்டுமர நாற்றங்காலில் இது சரியல்ல. சாகுபடிச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியும், விரல் நீளக் காயாவுக்கும் பக்கத்தில் தானாக முளைத்ததற்கும் வித்தியாசம் தெரிய ஒரு பருவம் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். வரிசைக்கு வரிசை பெயர்ப் பலகை எழுதி வைப்பதும், முதல் சில வாரம் பழையவர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆரோவில் காட்டை உண்டாக்கியதில் குயிலாப்பாளையம், ஆலங்குப்பம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற சுற்றுக் கிராமத்து மக்களின் உழைப்பு பெரியது. நாற்றங்காலில் கூலிக்கு வேலை செய்யும் பெண்களிடம்தான் எந்த விதை எத்தனை நாளில் முளைக்கும், எந்தப் பாத்தியில் ஈரம் தங்கும் என்ற அறிவு சேர்ந்திருக்கிறது. தன்னார்வலர் வருவதால் அவர்களின் கூலி குறையக் கூடாது. இலவச உழைப்பு கிடைக்கிறது என்று அவர்களை நிறுத்திய நாற்றங்கால், தன் பாடப்புத்தகத்தையே வெளியே அனுப்பிவிடுகிறது. தன்னார்வலர் அவர்களிடம் கற்றுக்கொள்பவராக இருக்க வேண்டும், தினசரித் தண்ணீருக்கும் பை மாற்றும் வேலைக்கும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் திரட்டுவதும் தன்னார்வ வேலைதான்.

அப்புறம் நோட்டு. விதை எடுத்த தேதி, ஊர், எந்த மரம், போட்ட நாள், முதல் முளை தெரிந்த நாள், எத்தனைக்கு எத்தனை. இதை எழுத ஒரே ஒருவர் பொறுப்பேற்றால் ஐந்து வருடத்தில் அந்த வட்டாரத்துக்கென ஒரு விதை நாட்காட்டி உருவாகிவிடும். குறுகிய காலம் தங்கிப் போகும் தன்னார்வலர்கள் உள்ள இடத்தில் இது இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

ஆரோவில்லை அப்படியே இன்னோர் ஊரில் நகலெடுக்க முடியாது. அங்கே நிலம் அவர்கள் கையில் இருந்தது, வேலி போட முடிந்தது, ஆடு மாட்டை நிறுத்த முடிந்தது, வெளிநாட்டிலிருந்து பணமும் ஆட்களும் வந்தார்கள். ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ நடும் ஓர் ஊர்க்குழுவுக்கு இவை எதுவும் கிடையாது. மேய்ச்சலுக்கு அந்த நிலத்தை நம்பியிருப்பவர்களோடு பேசாமல் நட்டால், தப்பு ஆட்டின் மீது இல்லை.

நிலம் கையில் இருந்தாலும் மரம் பாதுகாப்பாக இருக்கும் என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் ஆரோவில்லின் வட்டச்சாலைக்காக இயந்திரங்கள் வந்து மரங்களை வெட்டின. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், பிறகு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வேலைக்குக் கட்டுப்பாடு விதித்த தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. மனிதர் நட்டு வளர்த்த காடு சட்டத்தின் கண்ணில் காடா என்ற கேள்வி, இப்படி நடும் எல்லாருக்கும் எப்போதாவது வரும். நடுவதற்கு முன்பே அந்த இடத்தின் ஆவணத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு குறையும் உண்டு. நாற்றங்காலிலிருந்து போவது பெரும்பாலும் மரம் மட்டுமே. கோயில் காட்டின் நெருக்கம் கொடிகளாலும் புதர்களாலும் தரைச்செடிகளாலும் வருவது. களா, சூரை, எலுமிச்சைக் குடும்பத்துப் புதர்கள், வேலியில் ஏறும் கொடிகள் இவற்றையும் வளர்க்காவிட்டால் கிடைப்பது நாட்டு மரத் தோப்பு, காடு ஆகாது. கொடிக் கன்றை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை என்பதால் நாற்றங்காலே பிடிவாதமாக வளர்த்து, மரத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கன்றைக் கொடுக்கும் முறையும் முக்கியம். விழாவில் இலவசமாகக் கொடுத்த கன்றுகள் பல, வீட்டு வாசலில் பையோடு காய்ந்து போகின்றன. சிறு தொகையாவது வாங்குவது, எங்கே நடப்போகிறார்கள் என்று கேட்டு அதற்கேற்ற இனத்தைக் கொடுப்பது, இரண்டு வருடம் வளர்த்த கருங்காலியை வேலியும் தண்ணீரும் உள்ள இடத்துக்கு மட்டும் அனுப்புவது என்று சில விதிகள் வைத்துக்கொள்ளலாம். எத்தனை கன்று கொடுத்தோம் என்ற எண்ணைவிட, மூன்றாவது கோடை தாண்டி எத்தனை நிற்கின்றன என்பதைப் போய்ப் பார்த்து எழுதுவதும் தன்னார்வலருக்கு ஏற்ற வேலை.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பெரும்பாலான குழுக்கள் புரட்டாசியில் மழை வரப்போகிறது என்றதும் கூடிப் பேசத் தொடங்குகின்றன. அப்போது தொடங்கினால் நர்சரியில் கிடைப்பதை வாங்கி நடுவதைத் தவிர வேறு வழியில்லை. நாட்டுமர நாற்றங்காலுக்கு மாசி, பங்குனிதான் சரியான மாதம். பக்கத்திலுள்ள கோயில் காட்டுக்கோ, பழைய ஏரிக்கரைக்கோ, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய், நிற்கும் மரங்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, எது பூத்திருக்கிறது என்று குறித்துவர வேண்டும். சித்திரையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே பாதையில் நடந்தால் பழுக்கும் நேரம் தவறாது.

முதல் வருடம் ஐந்தாறு இனம் போதும். அதில் இரண்டு சீக்கிரம் வளர்வதாக இருக்கட்டும், கன்று கைக்கு வந்தால்தான் குழுவுக்குத் தெம்பு வரும். மற்றவை அந்த ஊர்க் காட்டில் இருந்து, எந்த நர்சரியிலும் இல்லாதவையாக இருக்கட்டும். இடம் பெரிதாக வேண்டாம். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும், தினமும் யாராவது கடந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட மூலை, கோயில் நந்தவனம், குடியிருப்புச் சங்கத்தின் பின்புறம் எதுவானாலும் சரி. கோடைக்கான தண்ணீர் முறைப் பட்டியலை, முதல் விதையைப் போடுவதற்கு முன்பே, பெயர் பெயராக எழுதி ஒட்டிவிட வேண்டும். அந்தப் பட்டியலில் ஏழு நாளும் நிரம்பவில்லை என்றால் விதையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.